காவலரை அழைத்தது யார்? லண்டன் பள்ளிகளும் கறுப்பினப் பிள்ளைகளும், 1971–2025

ஒரே நிகழ்வு, முரணான இரண்டு முடிவுகள். 2020 டிசம்பரில், கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியிலுள்ள ஒரு பள்ளியில், பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியைக் காவலர்கள் ஆடை களைந்து சோதித்தார்கள். அதில் இனவெறியின் பங்கு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது, உள்ளூர்ப் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கை. 2025 ஜூனில் ஒழுங்கு விசாரணைக் குழு இரு காவலர்களைப் பணிநீக்கம் செய்தது. ஆனால் சிறுமியின் இனம் அவர்களுடைய செயலுக்குக் காரணம் என்பதை ஏற்கவில்லை. முதலாவது ஓர் அமைப்பைப் பார்த்தது, இரண்டாவது தனிமனிதர்களின் மனத்தைத் தேடியது. பிரிட்டனில் இந்தப் பிளவுக்கு வயது நாற்பதுக்கு மேல். காவல்துறையை மட்டும் துருவுகிற ஆய்வுகளில் பள்ளி பெரும்பாலும் நழுவிவிடுகிறது என்பதால், இக்கட்டுரை பள்ளியிலிருந்தே தொடங்குகிறது.

கிரெனடாவில் பிறந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கென்று இருந்த தனிப்பள்ளிகளுக்கு அளவுக்கு மீறித் தள்ளப்படுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நூலைப் பதிப்பித்தவர் நியூ பீக்கன் புக்ஸ் நிறுவிய டிரினிடாட்காரர் ஜான் லா ரோஸ். 1969லேயே தம் வீட்டில் ஜார்ஜ் பாட்மோர் பெயரில் ஒரு துணைப்பள்ளி தொடங்கியிருந்தவர் அவர். அரசுப் பள்ளி கைவிட்டதைப் பெற்றோர்களே சொல்லிக்கொடுத்த காலம் அது.

தெருவில் வேறொரு சட்டம் காத்திருந்தது. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தின்படி, குற்றம் செய்யும் நோக்கில் சுற்றுவதாகச் சந்தேகப்பட்டாலே ஒருவரைக் கைதுசெய்யலாம். பொருள் களவுபோயிருக்க வேண்டியதில்லை, காவலர்களின் சாட்சியமே போதும். 1970களில் இதில் கறுப்பின இளைஞர்கள் அளவுக்கு மீறிச் சிக்கினார்கள். பள்ளியும் தெருவும் சந்தித்த இடம் வட லண்டனின் ஹார்ன்சி. 1975இல் அங்கே பள்ளிக்கு வெளியே ஒரு மாணவனைக் காவலர்கள் அடித்துக் கைதுசெய்தார்கள் என்ற புகார் எழுந்தது. அதன் விளைவாகப் பிறந்ததுதான் கறுப்பினப் பெற்றோர் இயக்கம். லா ரோஸ் அதிலும் முன்னின்றார். பள்ளியையும் காவலையும் ஒரே வழக்காகப் பார்த்தவர்கள் ஆய்வறிஞர்கள் அல்லர், இந்தப் பெற்றோர்தாம்.

1981 ஏப்ரலில் தென் லண்டனின் பிரிக்ஸ்டன் கலவரத்தில் பற்றி எரிந்தது. அதற்குச் சற்றுமுன், சில நாட்களுக்குள் 943 பேரை அங்கே காவல்துறை நிறுத்திச் சோதித்திருந்தது. கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, பிரிட்டனில் நிறுவன இனவெறி, அதாவது அமைப்பிலேயே ஊறிய இனவெறி, இல்லை என்று எழுதினார். சில காவலர்களின் தப்பெண்ணம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாடோடிகள் சட்டத்தின் சந்தேகக் கைதுப் பிரிவு அதே ஆண்டு நீங்கியது. ஸ்கார்மனின் பார்வையைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஈழத்தமிழரான ஏ. சிவானந்தன். 1958இல் இலங்கையின் இனக்கலவரத்தைவிட்டு லண்டன் வந்து, அங்கே நாட்டிங் ஹில் பகுதியின் இனக்கலவரத்தையும் கண்டவர். பின்னர் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். அதிகாரிகளின் மனப்பான்மையைப் பயிற்சி வகுப்பில் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையை 1985இல் அவர் கட்டுரையொன்றில் பிய்த்தெறிந்தார். மாற வேண்டியது அதிகாரத்தின் அமைப்பு என்பது அவர் வாதம். என் கணிப்பில், 2025இன் தீர்ப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டுரையே இன்றும் நல்ல வாசல்.

1993இல் பேருந்துக்குக் காத்திருந்த பதினெட்டு வயது மாணவர் ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளையின இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. அந்த வழக்கைக் காவல்துறை சிதைத்த விதத்தை விசாரித்த மேக்ஃபர்சன் 1999இல், ஸ்கார்மன் மறுத்ததை ஒப்புக்கொண்டார்: லண்டன் காவல்துறையில் நிறுவன இனவெறி உண்டு. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2002இல், பாதுகாப்பான பள்ளிகள் கூட்டாண்மை என்ற திட்டம் தொடங்கியது. காவலர்கள் பள்ளிகளிலேயே பணியமர்த்தப்பட்டார்கள். ஆயுதம் இருக்கிறதா என்று மாணவரைச் சோதிக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி ஊழியர்களுக்குத் தந்தது. 2011ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதை விரித்தது. அக்கறை என்ற பெயரில் வந்த இந்த அதிகாரம் யார் மேல் பாயும் என்று மேக்ஃபர்சனைப் படித்த எவரும் ஊகித்திருக்கலாம்.

ஹாக்னியில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கஞ்சா வாடை வருகிறது என்ற சந்தேகத்தில் ஆசிரியர்களே முதலில் சிறுமியின் பை, மேற்சட்டை, காலணி எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் காவல்துறைக்கு அழைப்பு போனது. தேர்விலிருந்து வெளியே அழைத்துவரப்பட்டவளைப் பள்ளியின் மருத்துவ அறையில் இரு பெண் காவலர்கள் ஆடை களையச் செய்தார்கள். மாதவிடாய் நாள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. இத்தகைய சோதனையில் சிறாரின் சார்பாக ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுக் காவல் மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் நடைமுறை விதி. அப்படி யாரும் இல்லை. ஆசிரியர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். தாய்க்குச் சொல்லவும் இல்லை. அப்போதும் கஞ்சா கிடைக்கவில்லை. சிறுமி மீண்டும் தேர்வு எழுத அனுப்பப்பட்டாள். கறுப்பினச் சிறுமியைச் சிறுமியாகவே பார்க்காமல் வளர்ந்தவளாக நடத்தும் போக்கை ஆய்வறிக்கை தனியே சுட்டியது. அந்தக் கண் காவலருக்கு மட்டுமே உரியதன்று.

இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் ரேச்சல் டி சூசா திரட்டிய தரவு, இது தனி நிகழ்வு என்ற சமாதானத்தை உடைத்தது. 2018 முதல் 2020 வரை லண்டன் பெருநகரக் காவல்துறை 650 சிறாரை இப்படிச் சோதித்திருந்தது. சோதிக்கப்பட்ட ஆண் சிறாரில் 58 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். பாதிக்கு மேற்பட்ட சோதனைகளுக்குப்பின் எந்த மேல்நடவடிக்கையும் இல்லை. அதே காவல்துறையை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, 2023 மார்ச்சில், அதை மறுபடியும் நிறுவன இனவெறி கொண்டது என்றது. லண்டன் காவல்துறை ஆணையர் மார்க் ரௌலி அறிக்கையின் கண்டறிதல்களை ஏற்றார். அந்தச் சொற்றொடரை ஏற்கவில்லை.

பள்ளிகளுக்கான வழிகாட்டுதலை அரசு 2022 ஜூலையில் திருத்தியது. காவலரை அழைக்கும்முன் ஆடை களைந்த சோதனை நேர்ந்தால் பிள்ளைக்கு வரக்கூடிய பாதிப்பை எடைபோட வேண்டும். உடனடி ஆபத்து இல்லாதவரை, இயன்றால் சோதனைக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கறுப்பினப் பெற்றோர் இயக்கம் தோன்றி அப்போது நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.