மல்லம்மா மலையில் மாலை வெயில்

மதனப்பள்ளியில் சித்திரை வெயில் கொளுத்தும்போதும், பக்கத்திலுள்ள ஹார்ஸ்லி மலையில் குளிர்ந்த காற்று வீசும். பழைய சித்தூர் மாவட்டத்தின் கோடை வாசஸ்தலம் இது; உயரம் 4,000 அடிக்கு மேல்.

ஊர் மக்கள் வைத்த பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. தெலுங்கில் ஏனுகு என்றால் யானை. மலையில் தனித்திருந்த மல்லம்மாவை யானைகள் பார்த்துக்கொண்டன என்பது வாய்வழிக் கதை.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் வீடு கட்டிய பிறகு, கோடையில் மலையேறுவது வெள்ளைக்கார அதிகாரிகளின் வழக்கமாயிற்று. அந்த வழியில் கடப்பா கலெக்டர் டபிள்யூ. டி. ஹார்ஸ்லியும் 1870 வாக்கில் இங்கே கோடை இல்லம் அமைத்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது.

அந்தக் காலத்துத் தைல மரங்கள் இன்றும் ஓங்கி நிற்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் காலி பண்டா எனும் சரிவுப் பாறைக்குக் கூட்டம் வரும். காலி என்றால் காற்று. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் மஞ்சள் வெயில் மெல்ல வடியும்.

அங்கே போகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஹார்ஸ்லியோடு மல்லம்மாவின் கதையையும் சொல்லுங்கள்.