திருவள்ளூர்ல பிறந்த லேன்சர்

மிட்சுபிஷி லேன்சர் கார் ஞாபகம் இருக்கா? தெருவுல ஒண்ணு வந்து நின்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. எங்க தயாரிச்சாங்கன்னு கேட்டா ஜப்பான்னுதான் பலரும் சொல்வீங்க. இல்லீங்க, நம்ம திருவள்ளூர்!

அம்பாசடர் செஞ்ச அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனிதான். திருவள்ளூர்ல முதல்ல மண் அள்ளும் இயந்திரங்கள் செஞ்சாங்க. 1998-ல் லேன்சர் வந்தது, பிறகு பஜேரோ.

அதுக்கும் அரை நூற்றாண்டு முன்னாடியே எண்ணூர்ல கார் பூட்டியிருக்காங்க. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கின அசோக் மோட்டார்ஸ். அசோக் அவரோட பையன் பேரு. முதல்ல பூட்டினது ஆஸ்டின் ஏ40 கார். 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆச்சு. கார் போச்சு, லாரியும் பஸ்ஸும் நின்னுது.

இப்போ அமெரிக்காவைப் பாருங்க. 1914-ல் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை 5 டாலர் ஆக்கினார். தர்மம் இல்லீங்க, ஆளுங்க வேலையில நிக்காம ஓடிட்டே இருந்தாங்க. ஆனா விளைவு பெருசு. 1920-களில் மாடல் டி விலை 300 டாலருக்கும் கீழே வந்தது. கார் செஞ்சவனே கார் வாங்கினான். சின்ன ஊர்ப் பசங்க பழைய காரை வாங்கி, இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, சனிக்கிழமை ராத்திரி மெயின் ரோட்டுல சும்மா சுத்துவாங்க. 'நாங்க ஃபோர்டு வீடு', 'நாங்க செவர்லே வீடு'ன்னு பெருமை வேற.

இங்கே அந்தக் கணக்கு ஒத்து வரல. லேன்சரைப் பூட்டினவருக்கு லேன்சர் எட்டாத விலை.

அந்த இடத்துல நம்ம ஊர்ல வந்து உட்கார்ந்தது பைக். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஐடிஐ முடிச்சு கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ற பையன் முதல்ல வாங்குறது தவணையில ஒரு பைக். ஷிஃப்ட் முடியுற நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இருக்காது, அதனால ஆடம்பரம்னு சொல்லாதீங்க. அவன் பேர்ல இருக்கற ஒரே சொத்தும் அதுதான். பேருக்கு முன்னாடி பைக்கை வெச்சுத்தான் தெருவே அவனை அடையாளம் சொல்லும்.

விபத்துல அடிபட்டு வர்ற பசங்க நினைவு திரும்பினதும் பெரும்பாலும் கேட்கறது, "வண்டிக்கு என்னாச்சு டாக்டர்?" கூட வந்தவங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வராது. தவணை இன்னும் முடிஞ்சிருக்காது. ஹெல்மெட் எங்கேன்னு கேட்டா மட்டும் பதில் வராது. அது கண்ணாடியில தொங்கிட்டிருந்திருக்கும். அதுக்குத் திட்டத்தான் செய்வேன்.

உங்க வீட்டுல யாராவது திருவள்ளூர் கார் ஃபேக்டரியிலயோ எண்ணூர்லயோ வேலை பார்த்திருந்தா கேட்டுச் சொல்லுங்க: அவங்க எந்த வண்டியில வேலைக்குப் போனாங்க?