கத்தியை வாங்கி வைத்தால் கொலை குறையுமா?

எங்காவது ஒரு வெட்டுக்குத்துச் செய்தி வந்தால் போதும், "முதல்ல இந்தக் கத்திகளைத் தடை செய்யணும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். முந்தல் பக்கம் இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். உடப்பில் மீன் வெட்டக் கத்தி வேணும். தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிறவர் கையில் மன்னாக் கத்தி வேணும். ஆனால் இது சும்மா சிரித்துவிட்டுப் போகிற பேச்சு அல்ல.

ஏனென்றால், பொருளைத் தடுத்து உயிரைக் காப்பாற்றிய வரலாறு எங்கட நாட்டுக்கே உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1984 முதல் அரசு படிப்படியாகத் தடை செய்துவந்தது. 2005 ஆகும்போது அந்த வீதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மக்களின் துயரம் பாதியானதால் அல்ல. ஒரு கணத்து வேகத்தில் கைக்கு எட்டிய மருந்து முன்னைப்போல் கொல்லவில்லை, அதனால்.

கத்திக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்றார்கள் பிரித்தானிய மருத்துவர்கள் மூவர். நீண்ட கூர்நுனி உள்ள சமையல் கத்திகளின் விற்பனையைத் தடை செய்யவேண்டும் என்று 2005இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சமையலுக்கு அந்த நுனி அவசியமில்லை, சண்டையில் அதுதான் கொல்கிறது என்பது அவர்களின் வாதம்.

நியாயமான வாதம்தான். ஆனால் அது குத்துக்குப் பொருந்தும், வெட்டுக்குப் பொருந்தாது. எங்கட மன்னாக் கத்தி நுனியால் வேலை செய்வதில்லை. பாரத்தாலும் வாயாலும் வெட்டுகிறது. தேங்காயைப் பிளப்பதும் அதே வாய்தான். அதை மழுக்கினால் தொழிலும் போய்விடும்.

சட்டம் போட்டுப் பார்க்காமலும் இல்லை. கொலை என்றதும் கத்தியையும் சாராயத்தையும் காரணம் சொல்வது பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரிகளின் வழக்கம். கத்திகளுக்கென்றே ஒரு கட்டளைச் சட்டமும் கொண்டுவந்தார்கள். கத்திக் கொலைகள் நிற்கவில்லை.

அண்மைய பாடம் எங்கட மாவட்டத்திலேயே கிடைத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மே 4ஆம் திகதி, வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் பொதுமக்களைக் கேட்டது. அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு என்றும் சொன்னது. ஆனால் எது வேலைக் கத்தி, எது ஆயுதம் என்று வாசலில் நின்று தீர்மானிப்பது யார்? சோதனைக்கு வருகிறவர்தான். அந்த நாட்களில் அதிகம் சோதிக்கப்பட்டவை முஸ்லிம் வீடுகள்.

மே 12இல் சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவை வைத்துக் கலவரம் தொடங்கியது. மறுநாள் வடமேல் மாகாணம் முழுவதும் ஊரடங்கு. அதே நாள், புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளியைக் கும்பலொன்று கூரிய ஆயுதங்களால் வெட்டிக் கொன்றது. கத்திகளை ஒப்படைக்கச் சொல்லி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பயந்தவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெட்ட நினைத்தவர்களிடம் ஆயுதம் இருந்தது. அன்று அந்த மனிதரைக் காத்திருக்கக் கூடியது ஒன்றுதான்: ஊரடங்கை உண்மையிலேயே அமுல்படுத்தும் பொலிஸ்.

ஸ்கொட்லாந்து வேறு வழியில் போனது. கிளாஸ்கோவில் 2005இல் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைப் பொலிஸ் தொடங்கியது. வன்முறையை ஒரு தொற்றுநோய்போலப் பார்த்து, கத்தி தூக்கும் இளைஞர்களைத் தேடிப்போய்ப் பேசி, வேலைக்கும் வழிகாட்டியது. தண்டனையும் கடுமையாகவே இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டின் கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வீட்டுக் கத்திகள் வீட்டிலேயேதான் இருந்தன.

ஆகவே எங்கட பதில் இதுதான். வாளையும், சண்டைக்கென்றே செய்த கத்தியையும் தடுக்கலாம்; அதற்கு வேறு வேலை இல்லை. அன்றாடக் கத்தியைத் தடுத்தால் கொலை குறைவது சந்தேகம். பொலிஸாருக்குப் பிடிக்காதவர்களின் வீட்டுக் கதவு தட்டப்படுவது மட்டும் நிச்சயம். அடுத்த முறை "கத்தியைக் கொடுங்கள்" என்று அறிவிப்பு வந்தால், கும்பல் வரும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று பொலிஸைக் கேட்போம்.