குடியும் நான்கு கேள்விகளும்

குடிப்பவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஒதுக்குவது உலக வழக்கம். அவன் திருந்தாமைக்கு மனவுறுதி இன்மையே காரணம் என்று பன்னெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து மாறிய வரலாற்றை அறிந்தால், நம் வீட்டில் ஒருவர் இவ்வாறு துன்புறும்போது அவரிடம் எவ்விதம் பேசுவது என்பதும் நமக்கு விளங்கும்.

1784-ம் ஆண்டில் பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ், சாராய வகைகளின் தீமையை விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டார். பின்னர், மாலுமிகளுக்கு அரசே மதுவை அளந்து வழங்கிவந்த பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராயிருந்த தாமஸ் டிராட்டர், குடிவெறி மனத்தைப் பற்றிய நோயே என்று 1804-ம் ஆண்டில் எழுதினார். 1849-ல் சுவீடன் நாட்டு மாக்னஸ் ஹூஸ், நெடுநாட் குடியால் விளையும் கேடுகளைத் தொகுத்து, அவற்றுக்கு 'ஆல்கஹாலிஸம்' என்று பெயரிட்டார்.

நோய் என்றால் அதன் காரணம் யாது? ஒன்றன்று, பல. ஏறத்தாழப் பாதியளவு பரம்பரையைச் சார்ந்தது என்பது இரட்டையரை ஆராய்ந்தோர் கண்ட முடிவு. இளவயதில் தொடங்குதல், மனத்துயர், மது எளிதிற் கிடைத்தல் ஆகியனவும் சேரும். ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழ்வோரைத் தனிமையும் அதன்பால் ஈர்க்கக்கூடும். நாளடைவில் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதன்பின் அஃதின்றி உடல் தவிக்கிறது.

ஆயினும் நோயாளி குடியைச் சொல்லி மருத்துவரிடம் வருவதில்லை. வயிற்றுவலி என்றோ உறக்கமில்லை என்றோ சொல்லி வருகிறார். மறைந்திருப்பதை வெளிக்கொணர, வட கரோலினாப் பல்கலைக்கழக மனநோய் மருத்துவர் ஜான் யூயிங் 1968-ல் நான்கு கேள்விகளை வகுத்தார். குடியைக் குறைக்க வேண்டுமென்று எண்ணியதுண்டா? பிறர் குறைகூறுவது எரிச்சலூட்டியதுண்டா? மனம் உறுத்தியதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தணியக் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆம்' என்றால், மேலும் ஆராய இடமுண்டு, அதுவே முடிவாகாது. பின்னர் உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து, 10 கேள்விகள் கொண்ட முறையொன்றை 1989-ல் வெளியிட்டது. அதில் 40-க்கு 8 புள்ளிகளோ அதற்கு மேலோ பெறுவோருக்கு ஆலோசனை தேவைப்படுகிறது.

மூன்றாவது கேள்வியை மொழிபெயர்ப்போர் சிறிது தயங்க வேண்டியிருக்கிறது. 'குற்றவாளி என்று உணர்ந்ததுண்டா' எனில், கேட்பவர் நீதிபதியாகிவிடுகிறார். எதிரிலிருப்பவர் வாய் மூடிக்கொள்கிறார். 'மனம் உறுத்தியதுண்டா' எனில், அவர் பேசக்கூடும். சொல் ஒன்று மாறினால் விடையும் மாறுகிறது. பிறமொழி வழங்கும் நகரத்து மருத்துவமனையில் நம்மவர் ஒருவருக்காக மொழிபெயர்த்து நிற்கும் உறவினர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

மற்றொன்றும் கூறவேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. ஆகவே, 'இன்றே விடு' என்று சத்தியம் வாங்குவதினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. பழிப்பதற்குப் பதில் பரிவோடு வினவ, மருத்துவ உலகுக்கே இருநூறாண்டு தேவைப்பட்டது. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.