கிடுகு மறைப்பிலிருந்து கண்ணாடிக் கூடு வரை



நமது ஊர்களில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் பாத்றூம் வேலைக்கு வந்ததும் ஒரு கேள்வியில் நின்று விடுகிறார்கள். ஷவர் கியூபிக்கல் போடுவதா, வேண்டாமா? போட்டால் எதைப் போடுவது? கடையில் கண்ணாடிக் கூட்டின் விலையைக் கேட்டுச் சிலர் பேசாமல் திரும்பி வருகிறார்கள். சிலர் கடன்பட்டாவது போடுகிறார்கள். மகளுக்குக் கொடுக்கிற வீடு, நாலு பேர் வந்து பார்க்கிற வீடு என்பது அவர்களின் நியாயம்.

குளிக்கிற இடத்தைச் சுற்றி மனிதன் ஏன் மறைப்புக் கட்டினான் என்ற கதை தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இலகு. அந்தக் கதை மிகவும் பழையது. நமது கிணற்றடியும் அதில் ஒரு அத்தியாயம்.

*கிணற்றடிக் காலம்*

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வளவின் பின்பக்கத்தில் கிணறு, அதில் துலா அல்லது கப்பி, பக்கத்தில் சீமெந்துக் கட்டு, அதைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு வேலி. பெண்கள் குறுக்குக்கட்டுடன் குளிப்பார்கள். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்கோ தென்னைக்கோ போகும்.

அந்தக் கிடுகுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: ஆளை மறைப்பது. தண்ணீர் எங்கே தெறித்தாலும் யாரும் கவலைப்படவில்லை. மணல் குடித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கிடுகை மாற்றினால் போதும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

குளியல் மறைப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று ஆளை மறைப்பது, மற்றது தண்ணீரைத் தடுப்பது. இரண்டாவது வேலை நமது மூத்தம்மாமாருக்குத் தேவைப்படவே இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

*இப்னு பதூதா பார்த்த பக்தாத்*

இலங்கைக்கு 1344 இல் வந்து, புத்தளப் பக்கம் கரையிறங்கி, பாவாதமலை ஏறிய இப்னு பதூதாவை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் போகிற ஊரிலெல்லாம் குளிப்பிடங்களைக் கவனித்தவர். எகிப்தின் மின்யா நகரில் ஹம்மாமுக்குள் நுழைந்தபோது ஆண்கள் இடுப்பில் துணியில்லாமல் குளிப்பதைக் கண்டார். நேரே ஆளுநரிடம் போய் முறையிட்டார். ஆளுநரும் அதைத் திருத்தக் கட்டளையிட்டார்.

1327 இல் பக்தாதுக்குப் போனபோது அவருக்கு அந்த நகரத்தின் ஹம்மாம்கள் பிடித்துப்போயின. அங்கே ஒவ்வொரு ஹம்மாமிலும் தனித்தனிச் சிறு அறைகள் பல இருந்தன. அறையின் தரைக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கும் தார் பூசியிருந்தார்கள். சுவரின் மேல்பாதி வெள்ளைச் சாந்து. உள்ளே ஒரு பளிங்குத் தொட்டி, அதற்கு இரண்டு குழாய்கள், ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் உள்ளே வரமாட்டார். குளிப்பவருக்கு மூன்று துண்டுகள் கொடுப்பார்கள்.

இதை இன்றைய கண்ணோடு பாருங்கள். ஒருவருக்கு ஒரு தடுப்பு, தண்ணீர் படும் உயரம் வரைக்கும் நீர் புகாத பூச்சு, அதற்கு மேலே சாதாரணச் சாந்து. ஏறத்தாழ எழுநூறு வருடத்துக்கு முந்திய ஈராக் மேசன்மார், தண்ணீர் எவ்வளவு உயரத்துக்குத் தெறிக்குமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் விலையான வேலையைச் செய்தார்கள். கூரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகவில்லை. மறைப்புக்கும் தடுப்புக்கும் அவர்கள் தனித்தனியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

மாசி வருகிற மாலைதீவில் அவர் காதியாக இருந்தபோது வேறொன்றைக் கண்டார். வீட்டு வாசலில் ஒரு தண்ணீர்ச் சாடி, நீண்ட பிடி போட்ட சிரட்டை அகப்பை. வருகிறவர் காலைக் கழுவித்தான் உள்ளே போவார். வெக்கையினால் அங்கே பெரும்பாலானவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நமது கரையோர வாழ்க்கைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

*ஷவர் வந்த வழி*

ஷவரைப் பணக்காரர்களின் சாமான் என்று நாம் நினைக்கிறோம். தொடக்கத்தில் அப்படித்தான். 1767 இல் லண்டனில் அடுப்புச் செய்கிற வில்லியம் ஃபீதம் என்பவர் ஒரு ஷவருக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பம்பினால் தண்ணீரைத் தலைக்கு மேலுள்ள பாத்திரத்துக்கு ஏற்றி, பிறகு சங்கிலியை இழுத்தால் மேலே கொட்டும். 19 ஆம் நூற்றாண்டின் வசதியான ஆங்கில வீடுகளில் இந்த மாதிரி ஷவரைச் சுற்றித் துணித்திரை தொங்கியது. அங்கேயும் முதல் மறைப்புத் துணிதான்.

பொதுமக்களுக்கு ஷவர் வந்த வழி வேறு. 1872-73 அளவில் பிரான்சின் ரூவான் நகரச் சிறைச்சாலையில் மருத்துவராக இருந்த மெரி டெலபோஸ்ட், கைதிகள் ஒவ்வொருவருக்கும் தொட்டி நிறையத் தண்ணீர் நிரப்ப முடியாது என்று கண்டு, மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். குறைந்த தண்ணீர், குறைந்த நேரம், நிறைய ஆட்கள். அதன் பிறகு இராணுவ முகாம்களும் பொதுக் குளிப்பிடங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. அதாவது ஷவர் பரவியதே சிக்கனத்துக்காகத்தான்.

சிக்கனம் நமக்குப் புதிதல்ல. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ அளவு தண்ணீரில் குளித்ததாக ஹதீஸ்களில் வருகிறது. இன்றைய அளவில் அதை இரண்டரை முதல் மூன்றரை லீற்றர் என்று கணிப்பார்கள். பைப்பைத் திறந்துவிட்டுச் சவர்க்காரம் தேய்க்கும்போது நாம் விடுகிற தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

*வளவு சுருங்கியது*

நமது குளியல் எப்போது வீட்டுக்குள் வந்தது? கிழக்குக் கரையோர ஊர்களில் இதன் காரணம் நமது குடும்ப வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. மகளுக்கு வீடு கொடுப்பது நமது முறை. இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால் ஒரு வளவு இரண்டாகும், மூன்று இருந்தால் மூன்றாகும். அடுத்த தலைமுறையில் அது இன்னும் துண்டாகும். கிணற்றடி இருந்த இடத்தில் இளைய மகளின் குசினி வந்தது. வாழைக்கு இடமில்லை, வேலி மதிலானது.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. கடற்கரையை அண்டிய கிணறுகளில் கடல்தண்ணீர் புகுந்தது. அவற்றை இறைத்துச் சுத்தப்படுத்தியும் பழைய ருசி உடனே வரவில்லை. அதற்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் கக்கூசும் குளிப்பும் ஒரே சிறிய அறைக்குள் வந்தன. ஐந்தடிக்கு ஆறடி, சில வீடுகளில் அதையும் விடக் குறைவு. கொமேட், பேசின், ஷவர் மூன்றும் அதற்குள்தான்.

இப்போது நிலைமை தலைகீழானது. ஆளை மறைக்க நான்கு சுவரும் கதவும் ஏற்கனவே இருக்கின்றன. தண்ணீரைத் தடுக்கத்தான் ஒன்றுமில்லை. ஒருவர் குளித்துவிட்டு வந்தால் கொமேட், தரை, கதவடி எல்லாம் ஈரம். அடுத்தவர் வுழூச் செய்யப் போனால் வழுக்குகிறது. பலகைக் கதவின் அடி உக்குகிறது. வயதானவர்கள் விழுகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையான மூத்தவர்களை நாம் எல்லோரும் நமது தெருவிலேயே கண்டிருக்கிறோம். இன்றைய பாத்றூம் மறைப்பின் வேலை அந்த ஈரத்தை ஒரு மூலைக்குள் நிறுத்துவது.

*கண்ணாடியின் கதை*

கண்ணாடி இதற்குள் எப்படி வந்தது? சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகும். 1874 இல் பிரான்சின் டி லா பாஸ்டி, சூடாக்கிய கண்ணாடியை எண்ணெயில் தோய்த்து இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக வீசிக் குளிரவைக்கிறார்கள். இதுதான் டெம்பர்ட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை விட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தாலும் சிறு மணிகளாகக் கொட்டும். 1959 இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பனி, உருக்கிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை அறிவித்த பிறகு, பெரிய தட்டைக் கண்ணாடி மலிவானது. ஹோட்டல்களில் கண்ணாடிக் குளியலறை வந்தது. ஹோட்டலைப் பார்த்து வீடுகளுக்கும் வந்தது.

நமது நாட்டில் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது இந்தச் சாமான்களின் விலை எங்கே போனது என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

*நமது சின்னப் பாத்றூமுக்கு எது சரி?*

தண்ணீரைத் தடுப்பதுதான் வேலை என்றால், அதைச் செய்கிற மிக மலிவான வழியிலிருந்து தொடங்கலாம்.

முதலாவது, தரை வாட்டம். இது சரியில்லாவிட்டால் எந்தக் கூடும் பிரயோசனமில்லை. ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் முதல் செலவு அங்கேதான்.

இரண்டாவது, திரை. இரண்டு சுவருக்கு இடையில் ஒரு கம்பி, அதில் நீர் ஒட்டாத திரை. திரையின் அடி, தண்ணீர் விழும் பக்கமாகத் தொங்க வேண்டும், தரைக்குக் கிட்ட வரைக்கும் வர வேண்டும். கடற்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும், அதனால் துருப்பிடிக்காத கம்பி பாருங்கள். பழுதானால் திரையை மட்டும் மாற்றலாம். திரையை மட்டமாக நினைக்காதீர்கள். நமது மையித்துகளைக் குளிப்பாட்டும்போதும் சுற்றிப் பிடிப்பது துணிதான். கண்ணியத்துக்கு அது குறைவாக இருந்ததில்லை.

மூன்றாவது, பக்தாத் முறை. ஷவருக்கும் கொமேட்டுக்கும் இடையில் நெஞ்சளவு உயரத்தில் ஓர் ஒடுக்கமான சுவர், அதற்கு டைல்ஸ். உள்ளூர் மேசனே கட்டுவார், உடையாது, மேலே வெளிச்சமும் காற்றும் போகும். வாசலுக்கு ஒரு சிறு திரை போட்டால் வேலை முடிந்தது. ஆனால் சுவரும் டைல்ஸுமாக நாலைந்து அங்குல இடத்தை அது எடுத்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நான்காவது, கண்ணாடிதான் வேண்டும் என்றால் முழுக் கூடு வேண்டாம். அசையாத ஒற்றைத் தட்டு ஒன்று போதும். கதவில்லை, சக்கரமில்லை, பழுதாகும் பாகமும் குறைவு. டெம்பர்ட் என்ற முத்திரை மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சுவர் நேராக இருக்காது. அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை எடுங்கள். டெம்பர்ட் பண்ணிய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. நமது தண்ணீரின் சுண்ணாம்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். தினமும் துடைக்க ஆள் இருக்கிறதா என்றும் யோசியுங்கள்.

கதவு வைத்த கூடு என்றால் ஒரு நிபந்தனை: கதவு உள்பக்கமாகத் திறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளியே திறக்க இடமில்லாவிட்டால் தள்ளுகதவு.

இரண்டரை அடிச் சதுரத்துக்குள் ஓர் இளைஞர் நின்று குளித்துவிடுவார். உம்மாவைக் கதிரையில் இருத்திக் குளிப்பாட்ட அது போதாது. மகளுக்குக் கொடுக்கிற வீட்டில்தான் பெரும்பாலும் உம்மாவும் வாப்பாவும் கடைசிக் காலத்தைக் கழிக்கிறார்கள். அந்த வீட்டுக்குக் கண்ணாடிக் கூடு வாங்கக் கடன்படுகிற வாப்பாவே பத்து வருடத்தில் அதற்குள் போக முடியாமல் நிற்கலாம். அந்தக் காசில் ஒரு பகுதியை வழுக்காத டைல்ஸுக்கும் சுவரில் உறுதியான ஒரு பிடிகம்பிக்கும் கொடுத்தால் பிரயோசனம் அதிகம்.

ஆகவே அளவு நாடாவை எடுக்கும்போது, வீட்டின் மூத்தவரை அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்துங்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்று தண்ணீர் வார்த்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறதா? அதுதான் உங்கள் அளவு. அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஒரு வேண்டுகோள். கிணற்றடி மறைப்புக்கும் துலாவின் பாகங்களுக்கும் ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர்கள் உண்டு. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.