கெடிலக்கரையில் ஒரு அதிகாரச் சமநிலை: 1231

யூரோப்பா யுனிவர்சலிஸ் 4 என்ற வியூக விளையாட்டு 2013இல் வந்தது. அதுல ஒரு நாடு அக்கம்பக்கத்து நிலங்களை வேகவேகமா பிடிச்சா, மிச்ச நாடுகள் பயந்துபோய் அதற்கெதிராகக் கூட்டணி சேரும். அடங்கியிருக்கும் சிற்றரசுக்கும் ஒரு அளவு உண்டு. பேரரசு தளர்ந்தா, அதோட விடுதலை வேட்கை ஏறும்.

ஐரோப்பிய வரலாற்றை முன்னால வச்சுப் போட்ட கணக்குதான். ஆனா இதே கணக்கு நம்ம மங்கலம்பேட்டைக்கு அடுத்தாப்புல, உளுந்தூர்பேட்டை பக்கத்து சேந்தமங்கலத்துல 1231லயே நடந்திருக்கு.

அப்போ சோழ அரசர் மூன்றாம் இராசராசன். பெயர்தான் பெருசு, பலம் இல்லை. தெற்கே முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் ஓங்கி நின்றார். இந்தச் சமயம் பார்த்து, சோழருக்கு அடங்கியிருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அரசரையே பிடிச்சு சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார்.

செய்தி கேட்டு ஹொய்சள மன்னர் இரண்டாம் நரசிம்மன் படையோடு வந்தார். அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்ற தளபதிகளை ஏவிச் சோழரை மீட்டு மறுபடி அரியணையில் அமர்த்தினார். சோழ நாட்டைத் தானே எடுத்துக்கொள்ளவில்லை. ஏன்? சோழர் ஒழிந்தால் பாண்டியர் எல்லை தன் வாசலுக்கு வந்துடும். நடுவில் ஒரு பலவீனமான நண்பன் இருப்பதே லாபம். 'சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன்' என்ற பட்டமும் கிடைத்தது. அடுத்த தலைமுறையில் ஸ்ரீரங்கம் அருகே கண்ணனூரில் ஹொய்சளர் தலைநகரே வந்துடுச்சு. உதவி இலவசம் இல்லை.

இதுவரைக்கும் விளையாட்டும் வரலாறும் ஒத்துப்போகுது. பிரியும் இடம் ஒன்று உண்டு.

இந்தப் படையெடுப்பைச் சொல்வது கடலூர் அருகே திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு. தளபதிகள் வழியில் தில்லைப் பொன்னம்பலத்தை வணங்கினார்களாம். பிறகு சேந்தமங்கலத்தைச் சுற்றி ஊர்களை எரித்து, பயிரை அழித்து, பெண்களைப் பிடித்துக் கொள்ளையடித்தார்களாம். இதெல்லாம் அங்கே பெருமையாகவே பதிவாகியிருக்கு.

விளையாட்டில் இதற்குப் பெயர் 'பேரழிவு'. ஒரு சதவீத எண். போர் ஓய்ந்தா மாசாமாசம் தானாகக் குறையும். வரிதான் கொஞ்ச நாள் குறையுமே தவிர, யாரும் தொலைந்துபோவதில்லை. கல்வெட்டில் அரசர் மீண்டார். பிடித்துப்போன பெண்கள் மீண்டார்களா என்ற வரி இல்லை.

அரசர்கள் எப்படி யோசித்தார்கள் என்று புரிந்துகொள்ள இந்த விளையாட்டுகள் நல்ல பயிற்சிதான். ஆனா நம்ம முன்னோர் பெரும்பாலும் அந்தப் பலகையில் ஆடியவங்க இல்லை. எரிந்த ஊர்களில் இருந்தவங்க.