பழைய வண்டியும் பழஞ்சுவடியும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச் சுவடியுமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் மக்கள் கையாண்டு தேய்ந்த பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே. வீட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிளும் அத்தகைய சான்று. அதனைப் பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்வதைப் பலர் பொழுதுபோக்கு என்றே கருதுகின்றனர். முறையோடு செய்தால் அது வரலாற்றுப் பணி. முறை தவறினாலோ ஒரு சான்றை அழிக்கும் பணி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ரப்பரும் சக்கரமும்

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் தம்பினுக்கும் இடையே அமைந்தது ரெம்பாவ். மினாங்கபாவ் மரபினரான மலாய் மக்களின் பழமையான ஊர் அது. அங்குள்ள தோட்டங்களுக்குத் தமிழர் வந்த காரணத்தைத் தேடிச் செல்வோர் இறுதியில் ஒரு சக்கரத்தின்முன் வந்து நிற்பர். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதி பெறும் என்பதைக் குட்இயர் 1839-இல் கண்டார். காற்றடைத்த டயரை டன்லப் 1888-இல் அமைத்தார். அதே ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகைக் கார் வெளிவந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1910-ஐ ஒட்டி விலை உச்சத்தை எட்டியபோது மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். இந்திய அரசு 1938-இல் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை அந்த ஓட்டம் தொடர்ந்தது.

ஆகவே தோட்டத்துத் தமிழருக்கு மோட்டார் வண்டி புறத்தே நின்ற வேடிக்கைப் பொருளன்று. அவர்தம் வாழ்வைக் கடல் கடத்திய பொருள். அவர்கள் சீவிய மரத்தின் பாலே டயராகித் திரும்பி வந்து, துரையின் வண்டியில் அவர்கள் கண்முன் உருண்டது.

ஒரு மூலமும் பல படிகளும்

போருக்குப் பின் வந்த வண்டிகளுள் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 'பாண்டம்' குறிப்பிடத்தக்கது. 1948-இல் வெளிவந்த இச்சிறு வண்டி 125 சி.சி. இயந்திரம் உடையது, இங்கிலாந்து அஞ்சல் துறை தந்தி கொண்டு செல்ல இதனைப் பயன்படுத்தியது. எனினும் இதன் அமைப்பு ஆங்கிலேயருடையதன்று. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் வகுத்த வரைபடம், தோற்ற நாட்டிடமிருந்து போர் ஈடாகப் பெறப்பட்டது. இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கமாக மாற்றி, ஆங்கிலேயர் அதனைத் தம் வழக்கத்திற்கு இசைத்தனர். அதே மூலத்திலிருந்து ரஷ்யாவும் அமெரிக்காவும் தத்தம் படிகளை எடுத்தன. யமஹா நிறுவனம் 1955-இல் செய்த தன் முதல் மோட்டார் சைக்கிளும் அதன் படியே.

தமிழாசிரியர்க்கு இஃது அறிமுகமான செய்தியே. ஒரு மூல ஏடு. அதனின்று எழுந்த பல படிகள். ஒவ்வொன்றிலும் எழுதினோர் செய்த மாற்றங்கள். பாடபேதம் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று, இரும்புக்கும் உண்டு.

1958-இல் ஹோண்டாவின் 'கப்' வண்டி ஜப்பானில் பிறந்தது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அதனை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். எடையும் எண்ணெய்ச் செலவும் குறைந்த அவ்வண்டி 'கப்சாய்' என்னும் பெயரோடு கம்பங்களிலும் தோட்டங்களிலும் நிலைபெற்றது. கனத்த ஆங்கில வண்டிகள் மெல்ல மெல்லக் கொட்டகைகளுக்கும், தூண்மேல் நிற்கும் கம்பத்து வீடுகளின் அடிப்புறத்துக்கும் ஒதுங்கின.

பிரித்துப் பார்த்த ஓர் இளைஞர்

கைவிடப்பட்ட வண்டியே கல்விச்சாலை ஆகலாம் என்பதற்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு சான்று. 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், ஏறக்குறைய 300 ரூபாய்க்கு, அவ்வண்டியையே வாங்கினார் என்பது வழங்கிவரும் செய்தி. வாங்கியவர் ஓட்டிப் பார்ப்பதோடு அமையவில்லை, முழுவதும் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் அறிவுக்கு அதுவே அரிச்சுவடி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், 1974-இல் மறையும்வரை பொறிகளோடே வாழ்ந்தார்.

பதிப்பாசிரியர் வழி

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்தார், பொருள் விளங்காத இடத்தில் தாமே சொல்லைப் புனைந்து நிரப்பவில்லை. பழைய வண்டியைப் புதுப்பிப்போர்க்கும் இந்நெறியே பொருந்தும்.

முதற்பணி, கை வைக்குமுன் காண்டல். நாற்புறமும் படம் எடுத்து, சட்டத்தின் எண்ணையும் இயந்திரத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஏட்டின் இறுதியில் எழுதியோன் இடும் குறிப்புப் போன்றவை இவ்வெண்கள். இரண்டும் தொழிலகப் பதிவோடு ஒத்து வந்தால் அது முழு ஏடு. ஒவ்வாவிடில் இரண்டு ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு.

அடுத்தது பொறுமை. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் பிஸ்டன் உருளையோடு இறுகிப் போயிருக்கும். உதைத்து அசைக்க முயன்றால் வளையம் உடையும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டுவைத்து, பின்பு மெல்லத் திருப்புதலே முறை. கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். பெட்ரோல் தொட்டியில் ஆவி எஞ்சியிருக்கும். கழுவி நீக்காமல் பற்றவைத்தால் வெடிக்கும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடாதலின், காற்றடித்து ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்தல் வேண்டும்.

மிகுதியான அழிவு நேர்வது மரையாணியில்தான். விட்வொர்த் என்பவர் 1841-இல் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தா. கப்சாய்க்கு உரிய ஆணியைப் பழைய ஆங்கில வண்டியில் வலிந்து முடுக்கினால், அரை நூற்றாண்டு நிலைத்த மரை அரை நொடியில் அழியும். ஓசை ஒத்திருக்கிறதென்று பிழைச்சொல்லை ஏட்டில் நுழைப்பதும் இதுவும் ஒன்றே.

திருவொற்றியூர் காத்த படி

மூலம் பிறந்த நாட்டில் மறைந்து, படி எடுத்த நாட்டில் வாழ்வது நூல்களிடையே உண்டு. ராயல் என்ஃபீல்டு 'புல்லட்' வண்டிக்கும் அதுவே நேர்ந்தது. எல்லைக் காவலுக்கென இந்திய அரசு இவ்வண்டிகளைப் பெருமளவில் வாங்கியதை அடுத்து, 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. வண்டிகள் திருவொற்றியூரில் உருவாயின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்பு செய்கருவிகளே வந்தன. 1960-களில் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970-இல் ஆங்கில நிறுவனம் மூடப்பட்டது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. இயந்திரமோ வடசென்னையில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. இழந்த நூலைப் படி எடுத்தவனிடமே மூலத்தார் கேட்டு வாங்கிய கதை இது.

தோட்டங்கள் நிறைந்த சுமத்ராவிலும் இதற்கோர் இணை உண்டு. பெமாத்தாங் சியாந்தார் நகரில் பழைய பி.எஸ்.ஏ. வண்டிகள் பக்கவண்டி பூட்டப்பட்டுப் பல்லாண்டுகள் பயணிகளை ஏற்றின. உதிரிப் பாகம் வராமற்போகவே, உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் அவற்றைத் தாமே செய்தனர். தொழிலகம் கைவிட்ட வண்டியைத் தொழிலாளியின் கை காத்தது.

எது பழுது, எது சான்று?

இனி மையமான வினாவுக்கு வருவோம். புதுப்பித்தல் என்பது தொழிலகத்தினின்று வெளிவந்த நாளின் பளபளப்பை மீட்பதா? விலைப்பட்டியலில் உள்ள படத்தைப் போலவே வண்டி அமைதல் வேண்டும் என்போர் பலர். அவர்கள் பழைய வண்ணத்தைச் சுரண்டுவர், நசுங்கலை நிமிர்த்துவர், படத்தில் இல்லாததை அறுத்தெறிவர்.

தோட்டத்து வண்டி ஒன்றின் பின்புறத்தில், ரப்பர்ப் பால் தோம்பை ஏற்றுவதற்காகப் பற்றவைத்த இரும்புச் சட்டம் இருக்கிறது எனக் கொள்வோம். விலைப்பட்டியலில் அது இல்லை. அதனை அறுத்துவிட்டால் வண்டி அழகு பெறும். ஆனால் அவ்வண்டி ரெம்பாவில் உழைத்ததற்கு இருந்த சான்று மறையும். எஞ்சுவது பர்மிங்காமில் பிறந்த பல்லாயிரத்தில் ஒன்று மட்டுமே. அந்தச் சட்டம், எழுத்தறியாத உழைப்பாளி இரும்பில் எழுதிச் சென்ற ஒரு வரி. அதனைப் பிழை என்று நீக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

அவ்வாறாயின் எதையும் மாற்றலாகாதோ எனின், அற்றன்று. பிரேக், திருப்புமுனை, டயர், மின்கம்பி ஆகியவை உயிரைக் காப்பவை. ரப்பரோ காலத்தாலும் வெயிலாலும் இறுகி வெடிக்கும் இயல்பினது. இவற்றைத் தயக்கமின்றிப் புதிதாக்கல் வேண்டும். வண்ணம், பெயர்ப்பட்டை, 'என்' எழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண், உழைப்பின் வடு ஆகியவை சான்றுகள். இவற்றைக் காத்தல் வேண்டும். கழற்றிய பழம்பாகத்தையும் எறியாது பெயரெழுதிப் பெட்டியில் வைத்தல் நன்று. பாடத்தைத் திருத்தியவர் அடிக்குறிப்பில் மூலத்தைத் தருவது போன்றது அது.

ரப்பர்க் காடுகள் பல செம்பனையாயின. செம்பனைக் காடுகள் சில வீடமைப்பு நிலங்களாயின. லயங்கள் இடிந்தன, தோட்ட அலுவலகப் பதிவேடுகள் பலவும் காணாமற்போயின. இந்நிலையில் கொட்டகையில் எஞ்சியுள்ள ஒவ்வொரு பழம்பொருளும் ஓர் ஏடே. வண்டியை இயக்குதல் பட்டறைக்காரர் பணி. அதன் கதையை எழுதுதல் கற்றோர் பணி. எவரிடம் இருந்தது, எந்தத் தோட்டத்தில் ஓடியது, எதை ஏற்றியது, எப்போது நின்றது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கேட்டு எழுதுமாறு ஆசிரியர்கள் மாணவரைப் பணித்தல் வேண்டும். விடை சொல்லவல்ல முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். இரும்பு இன்னும் சில காலம் காத்திருக்கும். அவர்தம் நினைவு அவ்வளவு காலம் காத்திராது.